கிளச் இல்லாத கார்

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் காலை எடுத்தார்கள் என்பதுதான். அவருக்குத் தெரியாமல் இல்லை. சம்மதக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்திருக்கிறது.

"இடது," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "கிளச் கால்," என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் லொறி ஓட்டுகிறவர். கற்பிட்டித் தோட்டத்து வெங்காயமும் மிளகாயும் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் அவருடைய லொறியில்தான் போகும். கருவாடு ஏற்றிய நாட்களில் வீட்டுக்கு வந்தால் சட்டையை நான் தொடக்கூட மாட்டேன். சண்டை முடிந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் முதல் ஆளாக ஓடினார். வரும்போது முந்திரிகைப் பழம் கொண்டு வந்தார், அந்த ஊர்த் திராட்சை. பாதி வழியிலேயே நசுங்கிப் போயிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பாதையில் எந்த இடத்தில் எந்தக் கியர் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. பழத்தைத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவருக்கு எப்போது வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. செருப்பு வார் கடித்த சின்னப் புண்தான். இரண்டு பயணம் போய் வந்தால் ஆறிவிடும் என்று நினைத்தார். அது ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதையில் போகிற லொறிகளின் சத்தத்தைக் கேட்டே ஓட்டுகிறவனை ஏசுவார். "மூண்டுக்கு மாத்து, மாத்து, என்னத்துக்கு இப்படி அழவைக்கிறாய்?" என்பார். லொறியைச் சொல்கிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று சமையலறையில் நிற்கிற எனக்குச் சந்தேகமாக இருக்கும். பொய்க்கால் பொருத்திய பிறகு முற்றத்துக்குள் நடந்தார். பள்ளிவாசலுக்கும் போய் வந்தார். ஆனால் கதிரை மட்டும் கேட்டடியிலேயே கிடந்தது.

லொறி விற்றுப்போன கிழமை கட்டாரில் இருக்கிற எங்கள் மகள் தொலைபேசியில் எடுத்தாள்.

"வாப்பா, ஒட்டோமட்டிக் கார் ஒண்டு எடுங்களே. அதுல கிளச் இல்ல. ரெண்டு பெடலுக்கும் வலது கால் ஒண்டு போதும். இங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டுற."

"கியர் மாத்தாத வண்டி ஒரு வண்டியா மகள்? அதுக்கு ரெயின்ல போகலாம்," என்று சிரித்துவிட்டு போனை என்னிடம் தந்தார்.

அன்று பின்னேரமே, "புள்ள, அந்த ஒட்டோமட்டிக்குல ஏத்தத்துல நிண்டா பின்னுக்கு உருளுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் பாலர் பாடசாலையில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் அவர் அப்படிக் கேட்ட குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரல் வீட்டைவிட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் கார்க் கதைதான். புத்தளத்தில் ஒரு சின்னக் காரைப் பார்த்தோம். நல்ல கார்தான். ஆனால் தரையோடு தரையாக இருந்தது. அவர் பொய்க்காலை உள்ளே வைத்துக் குனிந்து சீட்டில் இறங்கிவிட்டார். வெளியே வர முடியவில்லை. நான் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். "கபுருக் குழிக்குள்ள இறங்கின மாதிரி இரிக்கு," என்றார் புரோக்கரிடம். இன்னொருவர் காட்டியது பெரிய ஜீப். அதில் ஏறுவதற்கு ஏணி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறதாம்: காரைவிட உயரம், ஜீப்பைவிடச் சின்னது. கதவைத் திறந்தால் சீட் இடுப்பு உயரத்தில் வரும். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், கதிரையில் குந்துகிற மாதிரிக் குந்தலாம். அப்படி ஒன்று சிலாபத்தில் விலைக்கு இருப்பதாகத் தெரிய வந்தது.

பஸ்ஸில் போனோம். என் தம்பி கூட வருவதாகச் சொன்னான். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "கார் பார்க்கப் போறது நான். எனக்கென்னத்துக்கு வேற டிரைவர்?"

விற்கிறவர் ஒரு கத்தோலிக்க அம்மா. பிள்ளைகள் எல்லாரும் இத்தாலியில். அவரும் அங்கே போய்ச் சேரப்போகிறார். வீட்டில் பாதிச் சாமான் பெட்டிகளுக்குள் இருந்தது. தமிழும் சிங்களமும் கலந்துதான் பேச்சு. முதல் நாளே என் கணவர் அவரிடம் போனில் சொல்லியிருந்தார்: நாங்கள் வரும்வரைக்கும் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று.

முற்றத்தில் நின்றது வெள்ளை நிறக் கார். அவர் முதலில் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. "நல்ல மனுசி," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். கடற்கரை வீட்டில் நின்ற கார் என்பதால் கதவுகளின் அடி விளிம்பை விரலால் தடவித் தடவிப் போனார், உப்புக் காற்று எங்கே தின்றிருக்கிறது என்று. என் கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியை வாங்கி, பொய்க்காலை நீட்டி நிலத்தில் குந்தி, காருக்கு அடியில் நீட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் தந்து, "நீயும் பார். செம்மஞ்சளா எங்கயாவது தெரியுதா?" என்று கேட்டார். அப்போது எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. வேலையில் என்னையும் சேர்த்துக்கொள்கிறார் என்று சந்தோசப்பட்டேன்.

கியர் ஒயிலை விரலில் தொட்டு முகர்ந்தார். "கருகல் மணம் இல்ல." எஞ்சினை எழுப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "டொக்டர் மாதிரி பாக்கிறார், என்ன தங்கச்சி?"

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு தடவையில் உட்கார்ந்தார். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த சீட்டில் ஏறினேன். அந்த அம்மா பின்னால் ஏறினார்.

பிரேக்கை மிதித்து, கியரை மாற்றினார். உதறல் இல்லை. பின்னுக்கு மாற்றினார், மறுபடி முன்னுக்கு. தலையை ஆட்டினார். பிரேக்கை விட்டதும் அக்சிலேட்டரைத் தொடாமலே கார் மெல்ல நகர்ந்தது. "இங்க பார், தானா நடக்குது," என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகம்.

கேட்டைத் தாண்டும்போது அவருடைய இடது தொடை தூக்கிக்கொண்டது. பொய்க்கால் எழும்பி, பிரேக்கின் விளிம்பில் இடித்தது. அங்கே இல்லாத கிளச்சை அது தேடியது. அவர் கையால் தொடையைப் பிடித்து ஓரமாக வைத்தார். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும் எழும்பியது. "இத சும்மா வெச்சிரிக்கப் பழகணும்," என்றார். நான் என் கையை அவருடைய தொடையில் வைத்து அழுத்திக்கொண்டேன். பின்னால் ஆள் இருக்கிற வெட்கம்கூட எனக்கு வரவில்லை.

பாலத்து ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தார். எஞ்சின் பெரிதாக இரைந்தது. ஒரு கணம் பொறுத்துத்தான் கார் வேகம் பிடித்தது. "சத்தம் முன்னால ஓடுது, கார் பின்னால வருது," என்றார். "இந்த ஜாதிக் கியர் அப்படித்தான். பழுது இல்ல, பழக்கம்." ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். எதுவும் தட்டவில்லை. ஏசியைப் போட்டுவிட்டு மறுபடியும் மிதித்தார். "கொஞ்சம் களைக்குது. ஆனா பொய் சொல்லாத கார்."

பெரிய பாதையை விட்டு, கடல் உள்ளே வந்து தேங்கிய களப்பு ஓரத்துப் பாதையில் திரும்பினோம். நல்ல வெயில். பாதையில் ஆட்களே இல்லை. இடது பக்கமாக ஒருவர், பின்னால் மீன் பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தூரத்திலேயே நான் கண்டுவிட்டேன். இவரும் கண்டிருப்பார், விலக்குவார் என்று இருந்தேன். கார் விலகவில்லை. நேராக அந்த மனிதரை நோக்கியே போனது.

"ஆள்! ஆள் நிக்கிறாரு!" என்று கத்திவிட்டேன்.

பிரேக் பிடித்தார். நல்ல பிரேக்தான். பின்னால் இருந்த அம்மா "ஜேசுவே" என்று என் சீட்டைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்.

"நிழலுக்குள்ள நிண்டுட்டான்," என்றார் என் கணவர்.

அந்த இடத்தில் ஒரு மரமும் இல்லை.

வந்த வழியே திரும்பிப் பெரிய பாதையில் ஏறினோம். மெதுவாக ஓட்டினார். முன்னால் ஒரு சிவப்பு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் கண்ணாடியில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"இது எங்க போற பஸ்?"

"புத்தளம் பஸ்," என்றார் உடனே.

ஆனமடுவ என்று எழுதியிருந்தது.

நான் திருத்தவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவருக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் அவரிடம் பஸ் எங்கே போகிறது என்று கேட்டதில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். காரை அதன் இடத்தில் நேராக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அந்த அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, எங்கட அவருக்கும் சீனி இருந்தது. கால்ல வரல, கண்ணுலதான் வந்தது. கண் டொக்டருக்குக் காட்டுங்க. சுணங்க வேணாம்."

குரலைத் தாழ்த்தியும் பலனில்லை. கதவடியில் என் கணவர் நின்றிருந்தார்.

"கார் நல்ல கார் அக்கா," என்றார். "ஒரு குறையும் சொல்ல ஏலா. நான்தான் சரியில்ல."

அந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். நானல்ல, அவர். முன்பின் தெரியாத மனுசி. என் கணவர்தான் அவரைத் தேற்றினார். "அழாதீங்க அக்கா. அல்லா ஒண்ட எடுத்தா ஒண்ட விட்டுவெப்பான் எண்டு இரிந்தேன்," என்றார். அவ்வளவுதான்.

கண் டொக்டர் சொன்னது நாங்கள் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. உள்ளே இரத்தம் கசிந்து கசிந்து போயிருக்கிறது. ஒளிக்கதிர் வைத்தால் மிச்சம் இருப்பதைக் கொஞ்சக் காலம் காப்பாற்றலாம். போனது வராது. "உங்களுக்கு இது முன்னமே தெரிஞ்சிருக்குமே," என்றார் டொக்டர். பாதையை எல்லாம் மனதில் வைத்திருக்கிற மனிதர், கண்ணால் பார்த்தாரா ஞாபகத்தால் பார்த்தாரா என்று அவருக்கே பிரிக்கத் தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கார்க் கதை அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "அந்தக் கார எடுப்பம்."

"ஆர் ஓட்டுற?"

"நீதான். கிளச் இல்ல, கியர் இல்ல. உனக்கெண்டே செஞ்ச கார்."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. முடியாது என்றேன். சண்டை பிடித்தேன். அவர் விடவில்லை. தம்பி போய்க் காரைக் கொண்டு வந்தான். புத்தளத்தில் பழக்குகிற இடத்தில் சேர்ந்தேன். இளம் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசன் எடுத்தேன்.

கிளினிக்குக்கு, மருந்துக்கு, குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிற அவருடைய தங்கச்சி வீட்டுக்கு என்று எல்லா இடத்துக்கும் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு அந்தக் கார் பிடித்துப்போனது. உயரத்தில் இருந்து பாதையைப் பார்க்கலாம். ஆடு மாடு தூரத்திலேயே தெரியும். திரும்புகிற இடத்தில்தான் முன் கண்ணாடியின் ஓரத் தூண் தடிப்பு, பாதி ஆளை மறைத்துவிடும். நான் தலையை எக்கி எக்கிப் பார்ப்பேன். நன்றாக ஓட்டினால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பிழையாக ஓட்டினாலும் போகப்போக ஒன்றும் சொல்லாமல் ஆனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மழை இல்லாத ஒரு மாதம். கிளினிக்கில் இருந்து வந்துகொண்டிருந்தோம். களப்பு வற்றி, கரையோரம் பெரிய வெட்டையாகக் கிடந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு வேலி இல்லை, வெள்ளையாக உப்புப் பூத்த வெறும் நிலம். அன்று டொக்டர், இனி வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார். நான் பாதையை விட்டு வெட்டைக்குள் இறக்கினேன். நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்ன, டயர் போயிட்டா?" என்றார்.

"இல்ல. இறங்குங்க. இங்கால வந்து ஓட்டுங்க. இடிக்கிறதுக்கு ஒண்டுமில்ல."

நம்பவில்லை. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, பொனட்டைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தார். உட்கார்ந்தார். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. ஜன்னலை இறக்கிவிட்டார். காற்று தொப்பியைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டது. "நேரா போங்க, நேரா போங்க," என்று மட்டும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வளைத்தார், வட்டம் போட்டார். சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அவருக்குத் தெரியாது என்ற ஒரு வசதி.

நான்தான் கவனிக்காமல் விட்டேன். நிலத்தின் நிறம் கறுத்திருந்த இடத்தில் கார் புதைந்தது. மேலே காய்ந்த தோல், கீழே சேறு. மிதிக்க மிதிக்க முன் சக்கரம் இரண்டும் சுழன்று சுழன்று இறங்கியது. பார்வைக்கு ஜீப் மாதிரி இருந்தாலும் முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அவர் காலை எடுத்துவிட்டார். "புதைஞ்சிட்டு," என்றார்.

தூரத்தில் தோணியடியில் நின்ற நாலைந்து பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேருமுன் இடம் மாறிவிடலாம் என்று நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வந்தவர்களில் ஒருவர் அவரைத் தெரிந்தவர். ஒரு காலத்தில் இவருடைய லொறியில் கருவாடு ஏற்றியவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா! நீங்களா? நீங்களா இங்க கொண்டு வந்து இறக்கின?"

அண்ணனை ‘நானா’ என்று கூப்பிடுகிற அந்தக் குரலில் கேலி இல்லை. ஆச்சரியம்தான். நாடு முழுக்க லொறி ஓட்டின மனுசன், சொந்த ஊர்ச் சேற்றில் காரைப் புதைத்துவிட்டாரா என்று.

அவர் சலாம் சொன்னார். முகம் எங்கோ வேறு பக்கம் பார்த்திருந்தது.

"இல்ல தம்பி," என்றார். "அவதான்."

"ஓம், நான்தான்," என்றேன் உடனே. "குறுக்கால போகலாம் எண்டு நினைச்சி வந்துட்டேன். இவர் வேணாம் வேணாம் எண்டாரு."

"பொம்புளைங்கள ஓட்ட விட்டா இதுதான்," என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். பலகை கொண்டு வந்து சக்கரத்துக்குக் கீழே போட்டார்கள். நான் ஏறி மிதிக்க, அவர்கள் தள்ள, கார் வெளியே வந்தது. தெரிந்தவர் இவருடைய கையைப் பிடித்துக் கூட்டி வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தார். கையைப் பிடித்த விதத்தில், அந்த மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நான் கண்டேன். கதவை மெதுவாகச் சாத்தினார்.

பாதையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போன பிறகு என் கணவர் அழுதார். கால் போனபோது அழாதவர். தேம்பித் தேம்பி அழுதார். காரை ஓரத்தில் நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாத," என்றார். "ஓட்டு. நான் உன்னில பழியப் போட்டுட்டேன் புள்ள."

"அதுக்கென்ன? புதைஞ்ச இடத்துக்கு வழி காட்டின நான்தானே."

"ஓட்டினது நான்."

"ஓம். நல்லாத்தான் ஓட்டினீங்க," என்றேன். வீடு வரைக்கும் அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தக் கையோடுதான் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வர விரும்பவில்லை. சிறுநீரகமும் கைவிட்டது. அடுத்த மழைக்கு முன்பு ஒரு பகல் நேரத்தில், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு உயிர் பிரிந்து மவுத்தானார். தோள்களில் சுமந்து பள்ளிவாசலுக்குக் கொண்டு போனார்கள். நான் உள்ளேயே இருந்தேன்.

விதவை வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடியும்வரைக்கும் நான் வெளியே இறங்கவில்லை. கார் முற்றத்தில் கிடந்து பெற்றரி செத்துப்போனது. மகள் அதை விற்றுவிடச் சொன்னாள். பார்க்க வந்த ஒருவர் பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னவெல்லாமோ குறை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. விற்கிறதில்லை என்று அனுப்பிவிட்டேன்.

புதுப் பெற்றரி போட்ட அன்று தனியாகக் கடைக்கு ஓட்டிப் போனேன். அவரை அடக்கிய மையவாடி மதிலுக்குப் பக்கத்தால்தான் பாதை. அங்கே மெதுவாகப் போனேன். பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தான். சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். இதெல்லாம் இனி எனக்கு மட்டும்தான் என்று அப்போதுதான் நினைத்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, வெயிலுக்குள்ள காருக்குள்ளயே இரிக்கிறாய்? இறங்கேன்."

"இந்தா வாறேன்," என்றேன்.